கணக்கில் வராத சிப்பாய்

எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடிக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ரேடியோதான். ஏன் அந்தப் பெயர் என்று புதிதாகக் குடிவருகிறவர்கள்கூடக் கேட்பதில்லை. படிக்கட்டில் ஒருமுறை அவரிடம் மாட்டிக்கொண்டாலே விளங்கிவிடும். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் ஒருநாள் அதைத் தோளிலிருந்து இறக்காமலேயே அவருடைய முழங்கால் வலியின் வரலாறு முழுவதையும் கேட்டு முடித்தார். இறக்கிவைத்தால் கதை இன்னும் நீளும் என்று பயந்தாராம்.

அப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த தொழில் சினிமாவில் துணை நடிகர். அதாவது, கூட்டத்தில் ஒருவர். கோர்ட்டில் பின்பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர், ரயில் நிலையத்தில் பெட்டியோடு குறுக்கே போகிறவர், துப்பாக்கி வெடித்ததும் முதலில் விழுகிறவர். தலை நரைக்கும்வரை செய்தும் ஒரு படத்திலும் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. இதைப் பற்றியும் அவர் நிறையப் பேசுவார்.

அவருக்கு ஒரு வரம் இருந்தது. அவர் முகம் யார் மனதிலும் நிற்காது. அழகும் இல்லை, அவலட்சணமும் இல்லை. பார்த்த கண்ணிலிருந்து வழுக்கிக்கொண்டு போய்விடும் முகம். ஒரே படத்தில் கல்யாண விருந்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். இடைவேளைக்குப் பிறகு அதே மாப்பிள்ளையைக் கைது செய்யவரும் போலீஸ்காரர்களில் ஒருவராக நிற்பார். கடைசியில் மாப்பிள்ளையின் அடக்கத்துக்கும் வந்து அழுவார். ஒரு ரசிகனும் கண்டுபிடித்ததில்லை. வங்கியில் கவுன்ட்டரில் வேலை பார்க்கும் அவருடைய சொந்தத் தம்பியே ஒருமுறை அவரை நிமிர்ந்து பார்த்து, "சொல்லுங்க சார், என்ன வேணும்?" என்று கேட்டிருக்கிறான்.

மனைவி குடிநீர் அலுவலகத்தில் புகார் பிரிவு. காலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சாயங்காலம்வரை ஊரே அந்த அம்மாவைத் திட்டும். தண்ணீர் வரவில்லை என்று திட்டும், வந்தது மஞ்சளாக இருக்கிறது என்று திட்டும், நடுத்தெருவில் குழாய் உடைந்து ஓடுகிறது என்று திட்டும். எல்லோருக்கும் ஒரு புகார் எண் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே ரேடியோ காத்திருப்பார். அந்த அம்மா காய் நறுக்கிக்கொண்டே "ம்" போடும். அந்த "ம்"மில் பலவகை உண்டு என்றும், தனக்கு எல்லாம் புரியும் என்றும் ரேடியோ சொல்வார். எனக்குத் தெரிந்து எல்லாம் ஒரே "ம்"தான்.

இந்தப் படம் அவரைத் தேடி வந்த விதத்தைச் சொல்லவேண்டும். ஒருநாள் ஸ்டூடியோ வாசலில் வழக்கம்போல வேலைக்காக நின்றுகொண்டிருந்தார். ஒல்லியாக, மெதுவாகப் பேசுகிற ஒரு இளைஞர் உள்ளே போகும் அவசரத்தில் அவர் காலை மிதித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். கொஞ்ச தூரம் போனவர் நின்றார். திரும்பி வந்தார்.

"நான் இப்ப யாரையாவது மிதிச்சேனா?"

"என்னைத்தான் சார்."

"நீங்க எப்ப வந்தீங்க?"

"நீங்க வர்றதுக்கு முந்தியே இங்கதான் சார் நிக்கிறேன். சொல்லப்போனா மழைக்கு முன்னாடியே வந்துட்டேன். அந்த வாட்ச்மேன்கிட்ட வேணா கேளுங்க, அவருக்கு ஒரு மச்சான் இருக்காரு..."

இளைஞர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம் வந்ததாம், காணாமல்போன சாவியைக் கண்டெடுத்தவர்போல. அவர்தான் டைரக்டர். முதல் படம்.

படத்தின் கதையை ரேடியோ எனக்குச் சொன்னபோது, இதில் கதை எங்கே என்று கேட்டேன். மலை உச்சியில் ஒரு காவல் சாவடி. அங்கே ஆறு சிப்பாய்கள். மாற்று ஆட்கள் வரவேண்டும், வரவில்லை. வயர்லெஸ் பேசவில்லை. எதிரி எந்தப் பக்கம் இருக்கிறான் என்றே தெரியாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் மூடுபனி. ஒருவர் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். ஒருவர் ஊருக்குப் போவதாகச் சொல்லி மூட்டை கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டுவார். படம் முழுக்க நடப்பது இவ்வளவுதான். ஆனால் பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு உறுத்தல் வரும். எண்ணிப் பார்த்தால் ஏழு தலை இருக்கும். ஏழாவது ஆள் ஓரமாக நிற்பான், உட்கார்வான், சும்மா இருப்பான். மற்ற ஆறு பேரும் அவனைப் பார்க்கமாட்டார்கள். அவன் யார் என்று படம் சொல்லாது.

"பேய்னு சொல்லிட்டா ஜனங்களுக்கு நிம்மதி ஆயிடும்ணே," என்றாராம் டைரக்டர். "நிம்மதியா வீட்டுக்குப் போகக்கூடாது."

"சரி சார். எனக்கு வசனம் இருக்கா?"

"இல்லண்ணே. இன்னொண்ணு. மேல இருக்கிறவரைக்கும் அவங்க உங்ககிட்டப் பேசமாட்டாங்க. ஷாட்ல மட்டும் இல்ல, எப்பவுமே. பாக்கவும் மாட்டாங்க. அப்பத்தான் ஷாட்லயும் அது தானா வரும். உங்களுக்குப் பரவாயில்லையா?"

"இவ்வளவுதானா சார்? என் வீட்டுல தினமும் நடக்கிறதுதானே," என்று சிரித்தாராம் ரேடியோ. டைரக்டர் சிரிக்கவில்லை.

மலைமேல் இருந்தது பழைய வானிலைக் கூடம். கல் சுவர், தகரக் கூரை. முற்றத்தில் உடைந்த காற்றாடிக் கம்பம். ஆர்ட் டிபார்ட்மென்ட்காரர்கள் அதை ராணுவச் சாவடியாக மாற்றியிருந்தார்கள். பெரிய அறையில் ஆறு கட்டில், நடுவில் மேஜை, மூலையில் புகைக்குழாயோடு ஓர் இரும்பு அடுப்பு. ரேடியோவுக்குப் பின்பக்கம் ஸ்டோர் ரூம். படப்பிடிப்புக் குழு அடிவாரத்து விடுதியில் தங்கி, தினமும் ஜீப்பில் வந்து போகும். நடிகர்கள் மட்டும் மேலேயே இருக்கவேண்டும் என்பது டைரக்டரின் கட்டளை. செல்போன் சிக்னல் கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை மேனேஜரின் சாட்டிலைட் போனில் வீட்டுக்குப் பேசிக்கொள்ளலாம்.

முதல் சில நாட்கள் ரேடியோவுக்கு அது விளையாட்டாக இருந்தது. ஆறு பேரும் சீட்டாடும்போது பின்னால் நின்று நேரடி வர்ணனை கொடுத்தார். "கம்பவுண்டர் கையில ரெண்டு ராஜா வச்சிருக்காரு, கேப்டன் உஷாரு." கம்பவுண்டர் என்பது ராணுவ மருந்தாளராக நடித்தவர்; கேப்டன் என்பது கதாநாயகன், மேடை நாடகத்திலிருந்து வந்தவர், கட்டைக்குரல். இருவர் நிஜப் பெயரும் ரேடியோவுக்குத் தெரியாது. யார் சொல்வார்கள்? கேப்டன் உதட்டை ஒருமுறை கடித்துக்கொண்டார். அதை ரேடியோ தன் வெற்றியாக எடுத்துக்கொண்டார்.

ஆனால் அவர்கள் நல்ல நடிகர்கள். நாளாக நாளாக இன்னும் நல்ல நடிகர்கள் ஆனார்கள். வாசலில் ரேடியோ நின்றால் ஒதுங்கச் சொல்லமாட்டார்கள். அவர் தானாக நகரும்வரை, யாருக்கோ காத்திருப்பதுபோல வெளியே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மேஜையில் உப்பு அவர் முன்னால் இருந்தால் உப்பில்லாமல் சாப்பிடுவார்கள். மேக்கப்மேனுக்கும் அதே உத்தரவு. சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல அவர் முகத்தில் பூசிவிட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு போய்விடுவார். டைரக்டர் மட்டும் பேசுவார். அதுவும், "அண்ணே, கொஞ்சம் இடது" என்பதோடு சரி. பிறகு அதையும் கையால் காட்ட ஆரம்பித்தார்.

முதல் வாரம் வீட்டுக்குப் போன் பேசியபோது ரேடியோ மூச்சு விடாமல் பேசினார். மனைவி ஹெட்போன் இல்லாமலேயே புகார் பிரிவில் இருப்பதுபோல "ம்" போட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவது வாரம் பாதியில் நிறுத்தி, "நீ கேட்டுக்கிட்டுதானே இருக்கே?" என்று கேட்டார். மூன்றாவது வாரம் போனை எடுத்து, "நல்லா இருக்கேன்" என்றார். அப்புறம் ஒன்றுமில்லை. காற்றுச் சத்தம்தான் வந்தது.

"என்னங்க? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"இல்லம்மா. வச்சிடவா?"

அந்த அம்மா என்னிடம் சொன்னது இது: "காலையிலேர்ந்து நூறு பேர் என்னைத் திட்டுவாங்க, எனக்குப் படபடப்பே வராது. அன்னிக்குப் போனை வச்சதும் நறுக்கின காயை அப்படியே விட்டுட்டுப் போனையே பாத்துக்கிட்டு உக்காந்துட்டேன்."

மேலே ரேடியோவுக்கு என்ன ஆகிக்கொண்டிருந்தது என்பதை அவர் என்னிடம் பல வருஷம் கழித்துத்தான் முழுசாகச் சொன்னார். முதலில் தனக்குத்தானே பேசிப் பார்த்திருக்கிறார். ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, எங்கள் குடியிருப்பின் ஒவ்வொரு வீட்டுக் கதையையும் சுவரிடம் சொல்லியிருக்கிறார். பிறகு தன் குரல் தனக்கே எரிச்சலாகி நிறுத்திவிட்டார். நாள் ஓட ஓட, கதவைத் தட்டாமல் உள்ளே போவதும், சாப்பிடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் காரணமில்லாமல் போய் நிற்பதும் பழக்கமாகிவிட்டது. ஒருநாள் படப்பிடிப்பே இல்லாதபோது தான் ஜன்னலோரம் அந்த ஏழாவது ஆளைப்போலவே, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பதைக் கவனித்தார். எப்போது வந்து நின்றோம் என்று நினைவில்லை. யாரும் நிற்கச் சொல்லவும் இல்லை.

அந்தப் பக்கமும் நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. வயர்லெஸ்காரராக நடித்த பையன் தூக்கத்தில் அலறுகிறான் என்று, இரண்டு கட்டில்களைச் சேர்த்துப் போட்டுக்கொண்டார்கள். ரேடியோ உள்ளே வந்தால் பேச்சு அறுந்துபோகும். விதிக்காகப் பார்க்காமல் இருந்தவர்கள், இப்போது பார்க்கப் பயந்துபோய்ப் பார்க்காமல் இருந்தார்கள். இது பிறகு கேப்டனே ஒப்புக்கொண்டது.

அப்போதுதான் மழை பிடித்தது. ஒருநாள் மாலை குழு கீழே இறங்கியபின் ஆரம்பித்தது, விடவே இல்லை. பாதை சரிந்து, ஜீப் வழி மண்ணுக்குள் போய்விட்டது. ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்தது. அதோடு விளக்கு, மின்சார ஹீட்டர், வாக்கி டாக்கிக்கு சார்ஜ் எல்லாம் போயின. டப்பா உணவும் ரொட்டியும் இருந்தன. ஆறு பேரும் ஆறு தட்டு எடுத்துவைத்துச் சாப்பிட்டார்கள். டைரக்டர் இல்லை, கேமரா இல்லை, ஒரு வார்த்தை பேசியிருந்தால் ஒரு தலையும் போயிருக்காது. ஆனால் யாரும் பேசவில்லை. யார் முதலில் விதியை மீறுவது என்று வீம்பு பாதி. இன்னொரு பாதி என்ன என்று அவர்களுக்கே தெரியவில்லை. ரேடியோ தன் ரொட்டியைத் தானே எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போனார்.

குளிர் தாங்கவில்லை. பெரிய அறையில் ஷூட்டிங்குக்காக வைத்திருந்த இரும்பு அடுப்பில் கரியைப் போட்டு மூட்டினார்கள். கதவு ஜன்னல் இடுக்கெல்லாம் போர்வை திணித்தார்கள். கதகதப்பாகப் படுத்தார்கள். ரேடியோவை யாரும் கூப்பிடவில்லை. அவர் கையில் கிடைத்த ராணுவக் கோட்டுகள் அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, மூட்டைபோலச் சுருண்டு தூங்கினார்.

காலையில் மழை தூறலாகியிருந்தது. நன்றாக விடிந்தும் பெரிய அறையிலிருந்து சத்தமில்லை. ரேடியோ கதவைத் தள்ளினார். இறுகியிருந்தது; தோளால் தள்ளித் திறந்தார். ஆறு பேரும் படுத்திருந்தார்கள். "எந்திரிங்கப்பா, விடிஞ்சிடுச்சு," என்றார். யாரும் அசையவில்லை. வழக்கம்தானே. திறந்த கதவை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்து அறையில் ஸ்பிரிட் அடுப்பில் தனக்கு மட்டும் டீ போட்டுக் குடித்தார். டீ குடித்த டம்ளரை வைக்கத் திரும்ப வந்தபோது கை தவறி மேஜையிலிருந்த தட்டு அடுக்கு கல்தரையில் விழுந்தது. காது கிழிகிற சத்தம்.

ஆறு பேரில் ஒருவருக்கும் இமைகூடத் துடிக்கவில்லை.

"எவ்வளவு பெரிய நடிகனா இருந்தாலும் திடீர்ச் சத்தத்துக்கு இமை துடிக்கும்," என்றார் ரேடியோ. "இவங்களுக்கும் துடிக்கும். நான் எவ்வளவோ தடவை வேணும்னே தட்டைப் போட்டுப் பாத்திருக்கேன்."

அப்போதுதான் அவருக்குத் தலை கனப்பது தெரிந்தது. அடுப்பைப் பார்த்தார். அடுப்பிலிருந்து கிளம்பிய புகைக்குழாய் சுவரோடு ஏறி, கூரைக்குச் சற்றுக் கீழே, கேமரா எட்டாத இடத்தில் முடிந்துவிட்டிருந்தது. வெளியே போகவே இல்லை; கரியின் விஷப்புகை ராத்திரி முழுக்க அறைக்குள்ளேயே நின்றிருக்கிறது. அது ஆர்ட் டிபார்ட்மென்ட் செய்த குழாய்.

நாற்காலியை எடுத்து ஜன்னலில் எறிந்தார். பிறகு ஒவ்வொருவரையும் படுத்திருந்த போர்வையோடு தரையில் இறக்கி, போர்வையைப் பிடித்து வெளியே முற்றத்துக்கு இழுத்தார். முழங்கால் வலிக்காரர். வயர்லெஸ் பையனைத் தவிர மற்றவர்கள் தாடியும் தொப்பையுமாக வளர்ந்த ஆண்கள். "கேப்டன்! கம்பவுண்டர்! வயர்லெஸ்!" என்று கத்திக்கொண்டே இழுத்தார். நிஜப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முழிப்பார்களோ என்று தோன்றியது. ஆனால் பெயர் தெரியாதே. தூறலில் வரிசையாகக் கிடத்தி, கன்னத்தில் மாறி மாறி அறைந்தார். பையன் முதலில் வாந்தியெடுத்தான். பிறகு இன்னொருவர் இருமினார். கடைசியில் கேப்டன் கண்ணைத் திறந்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு மனிதன் ரேடியோவின் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"யாரு நீ?" என்றார் கேப்டன்.

நடிப்பில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

ரேடியோவுக்குச் சொல்ல இவ்வளவு நாள் சேர்த்துவைத்த பேச்சு வண்டி வண்டியாக இருந்தது. ஒன்றும் வாயில் வரவில்லை. பதில் என்னவென்றே தெரியவில்லை. கடைசியில், "மூணாவது மாடிங்க," என்றார்.

கேப்டன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. அந்தப் பிடியோடுதான் ரேடியோ மற்றவர்களுக்கு ஒற்றைக்கையால் தண்ணீர் கொடுத்தார். கம்பவுண்டர் மட்டும் மூச்சு விட்டாரே தவிரக் கண் திறக்கவில்லை.

இதற்கிடையில் ஊரில் அவர் மனைவி சும்மா இருக்கவில்லை. அந்த வாரப் போன் வராததும் படக் கம்பெனி அலுவலகத்துக்குப் போன் போட்டது.

"எல்லாரும் நல்லா இருக்காங்க மேடம், கவலைப்படாதீங்க," என்றது அங்கே ஒரு குரல்.

"எப்பத் தெரியும்?"

"என்ன மேடம்?"

"நல்லா இருக்காங்கன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்? கடைசியா யார் பேசினாங்க?"

"அது... ரோடு சரியானதும் போய்ப் பாத்துடுவோம் மேடம்."

"சரி. என் புகார் எண் என்ன?"

"அப்படியெல்லாம் இங்க கிடையாது மேடம்."

"அப்ப ஒண்ணு குடுங்க. உங்க பேர் சொல்லுங்க, எழுதிக்கிறேன். ஒவ்வொரு மணிக்கும் கூப்பிடுவேன். நீங்க என்ன பதில் சொல்வீங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும், ஏன்னா நானும் அதைத்தான் ஊர்ல எல்லாருக்கும் சொல்றேன்."

சொன்னபடியே கூப்பிட்டது. சாயங்காலத்துக்குள் கம்பெனியில் யாரும் அந்தப் போனை எடுக்கத் துணியவில்லை. போலீஸுக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் ஒரு வார்த்தை போட்டுவைத்தார்கள். மறுநாளே மீட்புக் குழு கால்நடையாக மலையேறியது. மத்தியானம் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, முற்றத்தில் ஏழு ராணுவ வீரர்கள் போர்வை போர்த்திக்கொண்டு தூறலில் இருந்தார்கள். ஒருவர் அறுவரையும் மாற்றி மாற்றித் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கம்பவுண்டரை ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். பிழைத்துக்கொண்டார். வெகுநாள் படுக்கையில் இருந்தார், ஆனால் பிழைத்தார்.

டைரக்டர் மேலே வந்து அந்தப் புகைக்குழாயை அண்ணாந்து பார்த்தபடி நின்றாராம். "மேல வரைக்கும் வச்சிருக்கணும். ஃப்ரேம்ல வராதுன்னு விட்டுட்டேன்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு ரேடியோவின் முன்னால் வந்து, அவர் கண்ணைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார். அழுகை முந்திக்கொண்டது. ரேடியோதான் அவருக்கும் டீ போட்டுக் கொடுத்தார்.

படம் சில மாதம் நின்றது. பிறகு மிச்சத்தை ஸ்டூடியோவில் அதே சாவடியை செட் போட்டு எடுத்தார்கள். புகைக்குழாய் இந்தத் தடவை கூரைக்கு வெளியே போனது. அடுப்பில் நெருப்பே இல்லை என்றாலும்.

ஆனால் ஒரு சிக்கல். ஆறு பேராலும் ரேடியோவைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கேமரா ஓடத் தொடங்கியதும் ஒருவர் கண்ணாவது அவர் பக்கம் போய்விடும். இருக்கிறாரா என்று பார்க்கிற மாதிரி. "கட். மறுபடி பாத்துட்டீங்க சார்." அடுத்த டேக். "கட். இப்ப நீங்க." கேப்டன் கையை விரித்துவிட்டார். "என்னால முடியல தம்பி. என்ன வேணா பண்ணிக்கோ."

டைரக்டர் ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு முடிவை மாற்றினார். கடைசிக் காட்சியில் ஆறு பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பி, சுவரோரம் நிற்கும் ஏழாவது ஆளைப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். பார்த்துக்கொண்டே இருப்பார்கள். படம் முடியும்.

படம் ஓடியது. கொஞ்சம் அல்ல, நன்றாகவே. குடியிருப்பில் எங்களுக்கெல்லாம் ரேடியோ டிக்கெட் வாங்கிக் கொடுத்தார். முதல் பாதியில் பலர் கொட்டாவி விட்டார்கள். பிறகு யாரோ பின்வரிசையில் "ஏழு பேர்டா" என்று மெதுவாகச் சொன்னார்கள். அதற்கப்புறம் கொட்டாவி இல்லை. கடைசியில் ஆறு முகங்களும் திரும்பியபோது எனக்குப் பக்கத்தில் இருந்த தடியான ஆள் தன் மனைவியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தியேட்டர் முழுக்க அலறல். எனக்கு முன்வரிசையில் ரேடியோவும் மனைவியும்.

"அவங்க பயந்த மாதிரி தெரியலையே," என்றது அந்த அம்மா.

"பயப்படலை."

"பின்ன ஏன் ஜனங்க இப்படிக் கத்துறாங்க?"

"தெரியல. அவங்க என்னை நெஜமா பாத்த பார்வை அது. டைரக்டர் வெட்டாம வச்சுட்டாரு."

அந்த அம்மா திரும்பித் திரையைப் பார்த்தது. திரையில் கேப்டனின் கண் கலங்கியிருந்தது. ஊரே அதை மரண பயம் என்று எழுதியது.

படத்தோடு ரேடியோவின் தொழிலும் முடிந்தது. யார் மனதிலும் நிற்காத முகம் இப்போது எல்லோர் மனதிலும் குடிவந்துவிட்டது. பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் காலியாகவே வரும். ஒரு கல்யாணக் காட்சியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். படம் வெளியானபோது ஜனங்கள் மாப்பிள்ளையைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஆள் அனுப்பும் ஏஜென்ட் நேரில் வந்து கையைப் பிசைந்தார். "உங்களைக் கூட்டத்துல நிக்கவச்சா, யாரோ சாகப்போறாங்கன்னு நினைக்கிறாங்கண்ணே. காமெடிப் படத்துக்கு ஆகலை."

இதைவிட எங்களுக்கு உறைத்தது வேறு. அவர் பேச்சு குறைந்துவிட்டது. படிக்கட்டில் பார்த்தால் தலையசைத்துவிட்டுப் போவார். எவ்வளவு காலம் அவருக்குப் பயந்து லிஃப்ட்டில் போனோமோ, அதே நாங்கள் இப்போது வேண்டுமென்றே படிக்கட்டில் இறங்கி, "முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டோம். "பரவாயில்லை" என்பார். பரவாயில்லை! ஒரே வார்த்தை. 

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்ததாம்.

"ஏதாவது பேசுங்களேன்."

"உனக்குத்தான் காது வலிக்குமே."

"வலிச்சா வலிச்சுட்டுப் போகுது. சொல்லுங்க. அங்க என்ன நடந்துச்சு?"

அவர் சொன்னார். சுவரிடம் பேசியதை, ஜன்னலோரம் நின்றதை. கடைசியாக ஒன்று சொன்னார். "அந்த ஆளு யாரு நீன்னு கேட்டப்ப, எனக்கு நெஜமாவே பதில் தெரியலம்மா. யோசிச்சேன். யோசிச்சும் வரலை. இப்பவும் சில நேரம் காலையில எந்திரிச்சதும் யோசிக்கிறேன்."

அந்த அம்மா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டது. அப்புறம் சொன்னது: "மூணாவது மாடின்னு சொன்னீங்கல்ல. சரியான விலாசம்தானே? அது போதும்." சொல்லிவிட்டு அழுதது. ரேடியோ அந்த அம்மா அழுது பார்த்தது அதுதான் முதல்முறை. அன்றைக்கு வீட்டில் சமையல் நடக்கவில்லை. பொழுது சாயும்வரை மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கீழே எங்கள் வீட்டுக்குக் கேட்டது, அதனால் சொல்கிறேன்.

வேலை கிடைத்தது எதிர்பாராத இடத்தில். கம்பவுண்டர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ரேடியோ தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அதைத் தலைமை நர்ஸ் கவனித்து வைத்திருந்தார். அந்த நர்ஸுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியும் அறையில், கண் விழிக்கிறவர்கள் மிரண்டுபோகாமல் பக்கத்தில் இருந்து பேசுவதற்கு. நர்ஸுகளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. "நீங்க நடிகர்னு சொன்னாங்க. சும்மா உக்காந்திருக்க முடியுமா?" என்று கேட்டாராம். "அது ஒண்ணுதாங்க தெரியும்," என்றார் ரேடியோ.

முதல் வாரமே வம்பு வந்தது. குடல்வால் ஆபரேஷன் செய்த ஒரு கல்லூரி மாணவன் கண் விழித்தான். படுக்கையோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்த முகத்தைப் பார்த்தான். தையல் பிரியுமளவுக்கு அலறினான். டாக்டர் ஓடிவந்தார். அவரும் படம் பார்த்தவர்போல. வாசலிலேயே ஒரு கணம் நின்றுவிட்டார். அன்றிலிருந்து ரேடியோவுக்கு மாஸ்க் கட்டாயம். அதற்குப் பிறகு தொந்தரவில்லை.

மயக்கம் தெளிகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் சின்ன விஷயம்தான் என்கிறார் ரேடியோ. மேட்ச் யார் ஜெயிச்சாங்க. என் பல்செட் எங்கே. இது என்ன கிழமை. ஒவ்வொன்றுக்கும் பதிலை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வாராம். நோயாளியை உள்ளே கொண்டுபோகும்போதே கூட வந்தவர்களிடம் விசாரித்துவிடுவார். பேச்சு பழையபடி வந்துவிட்டது. ஆனால் இப்போது நடுநடுவே நிறுத்தி, நாம் சொல்வதையும் கேட்கிறார். அது எங்களுக்கு இன்னும் பழகவில்லை.

போன வாரம் என் மைத்துனருக்குக் குடலிறக்க ஆபரேஷன். தனிக்கட்டை. வீட்டில் ஒரு நாய் மட்டும்தான் துணை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். மயக்கம் தெளிந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "நாய்க்குச் சாப்பாடு போட்டாச்சா?"

"போட்டாச்சுங்க. வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்திருக்கு. நீங்க தூங்குங்க," என்றார் ரேடியோ, மாஸ்க்குக்குள்ளிருந்து.

மைத்துனர் மறுபடி கண்ணை மூடியதும் வெளியே வந்தார். வராந்தாவில் நின்றிருந்த என்னிடம் கையை நீட்டினார்.

"வீட்டுச் சாவியைக் குடுங்க. நாய்க்கு என்ன போடணும்?"